பயணிகளின் கனிவான கவனத்திற்கு

சுருட்டையின் வீட்டில் சீப்புக்குப் பஞ்சமே இல்லை. பெரிய பல் சீப்பு, சின்னப் பல் சீப்பு, வால் வைத்த சீப்பு, வட்டச் சீப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சீப்புதான். ஆனால் அவள் தலையை மட்டும் பார்க்க வேண்டுமே! காக்கை கூடு கட்ட ஆரம்பித்து, பாதியில் வேறு வேலை வந்து பறந்துபோன மாதிரி இருக்கும்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. ஒரு பக்கத்து நாற்காலியில் அப்பா ஆண்களுக்கு வெட்டுவார். இன்னொரு பக்கத்து நாற்காலிகளில் அம்மா பெண்களுக்கு வெட்டுவார், வாருவார், சாயம் பூசுவார். பகல் முழுக்க ஊரார் தலைகளைப் பார்த்த பிறகு, வீட்டுத் தலையைப் பார்க்க இருவருக்கும் தெம்பு இருக்காது.

"அம்மா, எனக்கு வாரி விடும்மா."

"ஐயோ கண்ணு, இன்னைக்கு இன்னொரு தலையைப் பார்த்தா எனக்குத் தலை சுத்தும். நீயே வாரிக்கோடா தங்கம்."

"அப்பா, நீங்க?"

"தலை மட்டும் வேண்டாம்மா. கால் வலிச்சா சொல்லு, பிடிச்சு விடறேன்."

ஆகவே சுருட்டையே வாரிக்கொள்வாள். மேலே மட்டும் வாருவாள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கடை என்னவோ கண்ணாடி மாதிரி இருக்கும். ஒருவருக்கு வாரிய சீப்பை சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதிநீரில் போட்டு எடுக்காமல் இன்னொருவர் தலையில் வைக்க மாட்டார் அம்மா. துண்டுகளைத் துவைத்து வெயிலில் காயவைப்பது அப்பாவின் வேலை. அம்மாவுக்கு அதில் பெருமை கொஞ்ச நஞ்சம் இல்லை.

"இந்தக் கடைக்குள்ள இதுவரைக்கும் ஒரு பேன் கால் வெச்சதில்ல" என்பார் வருகிறவர்களிடம்.

"பேனுக்கு ஆறு கால். அதுல ஒண்ணைக்கூட வெச்சதில்ல" என்பார் அப்பா, துண்டை உதறிக்கொண்டே.

அந்த வாரம் சுருட்டையின் வகுப்பில் ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. அறிவியல் கண்காட்சிக்காக மனித உடலின் படம் வரைய வேண்டும். சின்னப் படம் இல்லை, ஆள் உயரப் படம். தாளைத் தரையில் விரித்து, சுற்றிலும் குப்புறப் படுத்து, தலையோடு தலை ஒட்டிக்கொண்டு வரைந்தார்கள். குழுவில் சுருட்டை, ரயில், மைக், இன்னும் இரண்டு பேர்.

ரயில் என்பது ஒரு பெண். அவளுடைய பின்னல் முதுகைத் தாண்டி இடுப்பைத் தாண்டிப் போகும். அவள் ஓடும்போது பின்னல் வளைந்து வளைந்து பின்னாலேயே வரும். அதனால் அந்தப் பெயர். அவளுக்கும் அது பிடித்திருந்தது. வகுப்பிலேயே நன்றாகப் படம் வரைபவள் அவள்தான். குடலை அவள் வரைந்தபோது, அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று எல்லோரும் விரலால் தடவிப் பார்த்து அசந்து போனார்கள்.

மைக் என்பது ஒரு பையன். அவனுக்குக் காதில் ரகசியம் சொல்லத் தெரியாது. அவன் ரகசியம் சொன்னால் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்.

அந்த மைக் கல்லீரலை வரைந்து முடித்திருந்தான். ரயில் அதைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள்.

"கல்லீரல் வலப்பக்கம்தானே இருக்கணும்?"

"வலப்பக்கம்தானே போட்டிருக்கேன்!" மைக் தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினான். "இது வலது. இந்தப் பக்கம்தான் கல்லீரலும் இருக்கு."

"இல்லடா, படத்துல இருக்கிறவர் நம்மளைப் பார்த்து..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. "ஏய்! அது என்ன?" என்று மைக் அலறினான்.

ரயிலின் வெள்ளைச் சட்டைக் காலரில் எள் அளவுக்கு ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, நிதானமாக, கைவீசி நடக்கிற மாதிரி நடந்தது.

"பேன்!" என்றார்கள் மற்ற இருவரும்.

சும்மா இருப்பானா மைக்? எழுந்து நின்றான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்து அறிவிப்புக் குரலில் ஆரம்பித்தான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! உச்சந்தலையிலிருந்து இடுப்பு வரை செல்லும் பேன் விரைவு வண்டி, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்! இடம் பிடிக்க விரும்பும் பேன்கள் உடனே வரவும்!"

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சுருட்டைக்கும் சிரிப்பு வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் ரயிலின் முகத்தைப் பார்த்தாள். வந்த சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

ரயில் காலரைத் தட்டிவிட்டாள். வண்ணப் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தாள். கடைசி பெஞ்சுக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு மட்டுமில்லை, மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தாள். யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை. சுருட்டை போனாள். ஆனால் ரயில், "வேண்டாம், உனக்கும் வந்துடும்" என்று சொல்லி நகர்ந்துகொண்டாள்.

சுருட்டைக்கு மனசே சரியில்லை. என்ன செய்வது என்று யோசித்தபடி கழுத்துக்கு மேலே சொறிந்தாள். எதிரே மைக் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தான். படம் வரைந்த மற்ற இரண்டு பேரும்கூட அவ்வப்போது சொறிந்தார்கள்.

சுருட்டையின் கை அப்படியே நின்றது. 'நான் எப்போதிலிருந்து சொறிந்துகொண்டிருக்கிறேன்?'

வீட்டுக்கு வந்ததும் கடையை எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லாத நேரம். அப்பாவும் அம்மாவும் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு வெள்ளைத் துண்டை மேசைமேல் விரித்தாள். அலமாரியிலிருந்து பேன்சீப்பை எடுத்தாள். தலையைக் குனிந்து, வேரிலிருந்து நுனி வரைக்கும் இழுத்தாள். சிக்கு விழுந்த முடியல்லவா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

துண்டில் வெள்ளையாகச் சில விழுந்தன. அவை பொடுகு. ஊதினால் பறந்தன. கண்ணாடியில் பார்த்தால், காதுக்குப் பக்கத்து முடியில் இன்னும் சில வெள்ளைப் பொட்டுகள் இருந்தன. அவற்றை ஊதினாள், தட்டினாள், அசையவில்லை. முடியைப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருந்தன. அவை ஈர்கள், அதாவது பேன் முட்டைகள்.

மறுபடி வாரினாள். துண்டின் நடுவே ஒன்று விழுந்தது. பழுப்பு நிறம், ஆறு கால். புரண்டு எழுந்து நடக்கத் தொடங்கியது.

"நீ என் தலையிலயும் இருக்கியா?" என்றாள் சுருட்டை.

அது பதில் சொல்லவில்லை. அதற்கு அவசர வேலை ஏதோ இருந்தது போலும்.

பேன் பறக்காது, குதிக்காது, தலையும் தலையும் ஒட்டினால் நடந்துதான் போகும் என்று அம்மா வாடிக்கையாளர்களிடம் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அப்படியானால் படம் வரைந்தபோது நடந்திருக்கிறது. யார் தலையிலிருந்து யார் தலைக்குப் போனது என்று அந்தப் பேனுக்குக்கூடத் தெரிந்திருக்காது. ரயிலின் தலையில் இருந்தது மட்டும் வெளியே வந்து மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்!

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். அதற்குள் வாசலில் யாரோ வந்தார்கள், அம்மா சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். "உட்காருங்க, உட்காருங்க. பயமில்லாம உட்காருங்க. இந்தக் கடைக்குள்ள இதுவரைக்கும் ஒரு பேன்..."

சுருட்டை துண்டைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வெளியே தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை வந்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்று மறுபடி நினைத்தாள்.

சனிக்கிழமை வந்தது. கடையில் கூட்டம். அப்பாவின் நாற்காலியில் மைக் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவின் ஒரு நாற்காலியில் பெரிய டீச்சர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை அவர். பாதித் தலைக்குச் சாயம் பூசியாகிவிட்டது, மீதித் தலை நரையோடு காத்திருந்தது. சுருட்டை தரையில் விழுந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. உள்ளே வந்தவள் ரயில். கூடவே அவளுடைய சித்தி.

"வாங்க வாங்க" என்றார் அம்மா. "அடேயப்பா, எவ்வளவு முடி! நுனி வெட்டணுமா?"

"இல்லைங்க" என்றார் சித்தி. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "எல்லாத்தையும் வெட்டிடுங்க. காது வரைக்கும்."

அம்மாவின் கையிலிருந்த சாயத் தூரிகை அந்தரத்தில் நின்றது. "காது வரைக்குமா? இந்த முடியையா? ஏங்க?"

சித்தி ரயிலைப் பார்த்தார். ரயில் தரையைப் பார்த்தாள். "சும்மாதான்" என்றார் சித்தி. "பார்த்துக்க முடியலை."

அம்மாவுக்கு மனமே இல்லை. ஆனாலும் கேட்டதைச் செய்துதானே ஆக வேண்டும்? ரயிலை உட்கார வைத்தார். போர்வையைக் கட்டினார். கத்தரியை எடுத்தார். ரயில் தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சுருட்டையின் துடைப்பம் நின்றுவிட்டது. காரணம் அவளுக்குத் தெரியும். சொன்னால் முடி பிழைக்கும். ஆனால் இத்தனை பேர் முன்னால் 'இவளுக்குப் பேன்' என்று எப்படிச் சொல்வது? வகுப்பில் பட்டது போதாதா?

அந்த நேரம் பார்த்து மைக் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். கண்கள் பளபளத்தன. "ஆன்ட்டி! ஏன் வெட்டறாங்கன்னு எனக்குத் தெரியும்! பயணிகளின் கனிவான..."

"எனக்குப் பேன்!" என்று கத்தினாள் சுருட்டை.

கடையில் இருந்த எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"என்னது?" என்றார் அம்மா.

"எனக்குப் பேன்ம்மா. என் தலையில. நான் பேன்சீப்புல வாரிப் பார்த்தேன். ஈரும் இருக்கு." சொல்லச் சொல்ல அவள் காது சிவந்தது. "சொல்லணும்னுதான் இருந்தேன்."

பெரிய டீச்சர் விருட்டென்று எழுந்தார். பாதிச் சாயம் நெற்றியில் வழிந்தது.

"டீச்சர், உட்காருங்க! புருவமும் கறுப்பாயிடும்!" என்று அப்பா துண்டோடு ஓடினார்.

அம்மா அசையாமல் நின்றார். பெருமையெல்லாம் ஒரே நொடியில் இறங்கிப்போன முகம். சுருட்டைக்கு அழுகை முட்டியது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"நாங்க அஞ்சு பேரும் தலையோட தலை வெச்சுக்கிட்டு படம் வரைஞ்சோம்மா. அதனால எனக்கு இருந்தா அங்க இருந்த எல்லாருக்கும் இருக்கலாம். மைக்கையும் பார்க்கணும். ரயிலையும் பார்க்கணும். மத்த ரெண்டு பேரையும் கூப்பிடணும். அதுக்கு முன்னாடி யார் முடியையும் வெட்டாதே."

அம்மாவின் கை ரயிலின் தலைமேல் இருந்தது. விரல்கள் மெதுவாக முடியை விலக்கின. காதுக்குப் பின்னால் ஒரு நொடி நின்றன. அவர் கண்ணாடி வழியாக ரயிலைப் பார்த்தார். பிறகு தன் மகளைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டார்.

"பேனுக்காக முடியை வெட்டினா, வெட்டின முடிதான் போகும். தலையை ஒட்டி இருக்கிறது அங்கேயேதான் இருக்கும்" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "இதுக்கு வேண்டியது கத்தரி இல்லை. சீப்பும் பொறுமையும்தான்."

சித்தி மெல்லக் கேட்டார். "அப்போ... மண்ணெண்ணெய் தடவணும்னு சொன்னாங்களே?"

"மண்ணெண்ணெயா? தலை என்ன அடுப்பாங்க?" அம்மா பதறிப்போனார். "தோல் வெந்து போகும். பக்கத்துல நெருப்பு இருந்தா உயிருக்கே ஆபத்து. தொடவே தொடாதீங்க."

"அழுக்கா இருந்தாத்தான் வரும்னும் சொன்னாங்க. நான் தினமும் குளிப்பாட்டறேன்..." சித்தியின் குரல் உடைந்தது.

"சுத்தமான தலைக்கும் வரும். நாங்க பார்க்காத சுத்தமா?" என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "என் வீட்டுக்குள்ளயே வந்திருக்கு பாருங்க."

இனி பெரிய டீச்சர் என்ன சொல்வாரோ என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியில் தன் பாதிக் கறுப்புத் தலையைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நான் பள்ளிக்கூடத்துல இருந்த காலத்துல என் தலையில குடியிருக்காத பேனா? பிள்ளைங்க கிட்டேர்ந்து பாடத்தைவிட அதுதான் நிறைய வரும். மறந்துபோய் எழுந்துட்டேன். இருங்க, எனக்கு அவசரமில்லை. முதல்ல பிள்ளைங்களைப் பாருங்க."

அவ்வளவுதான், கடை களை கட்டியது. அம்மா ரயிலின் தலையை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசினார். வழவழப்பில் பேன் ஓட முடியாது, சீப்பும் சிக்காது. பின்னல் அவிழ்ந்து, முடி நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பேன்சீப்பால் வாரினார். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துண்டில் துடைத்துப் பார்த்தார். சித்தியும் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்.

"ஒரே நாள்ல முடியாதுங்க. இன்னைக்குத் தப்பின ஈர் பொரிஞ்சு வரும். சில நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு வாரம் விடாம வாருங்க. அப்புறம் ஒண்ணுமே வராது. தலையணை உறையைச் சுடுதண்ணில துவைச்சுடுங்க. வீட்டுல எல்லார் தலையையும் பாருங்க, உங்க தலையையும் சேர்த்து."

சித்தி சட்டென்று தலையில் கை வைத்தார். அதுவரை அரிக்காத தலை அப்போதுதான் அவருக்கு அரித்தது.

அந்தப் பக்கம் அப்பா மைக்கின் தலையை வாரினார். குட்டை முடிதான். ஆனால் துண்டில் விழுந்ததைப் பார்த்து அப்பா விசிலடித்தார். "அடேங்கப்பா! நல்லா சாப்பிட்டு வளர்ந்திருக்கு."

மைக்கின் முகம் சுருங்கிப்போனது. இத்தனை குரல் உள்ளவன் காற்று மாதிரிப் பேசினான். "ஏய் சுருட்டை, வகுப்புல சொல்லிடாதே."

சுருட்டை வாயைத் திறந்தாள். சொல்லிக்காட்ட அருமையான வார்த்தைகள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கண்டிஷனர் பூச்சுக்குள்ளிருந்து ரயிலும் மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரிக்கவில்லை.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் சுருட்டை. "போகும்போது ஒரு பேன்சீப்பு வாங்கிட்டுப் போ."

கடைசியில் சுருட்டையின் முறை வந்தது. சிக்கு எடுக்கவே நேரம் பிடித்தது. "ஆ! அம்மா! மெதுவா!" என்று அவள் கத்தாத கத்தல் இல்லை. அம்மா திடீரென்று வாருவதை நிறுத்தினார்.

"ஊர்த் தலையெல்லாம் பார்க்கறேன், உன் தலையைப் பார்க்காம விட்டுட்டேனே கண்ணு" என்றார். "இனிமே கடை திறக்கறதுக்கு முன்னாடி முதல் தலை உன்னுது."

"அப்பாவோட தலை?"

அப்பா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "இதுல ஏறினா வழுக்கி விழுந்துடும். பயமே இல்லை."

திங்கட்கிழமை காலை ரயில் பள்ளிக்கு வந்தாள். பின்னல் பின்னாலேயே வந்தது. அவள் நேராகக் கடைசி பெஞ்சை நோக்கி நடந்தாள். அப்போது மைக் எழுந்து நின்றான். மூக்கைப் பிடித்துக்கொண்டான். ரயில் நடுவழியில் நின்றுவிட்டாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்றான் மைக். "மைக் தலையில் தங்கியிருந்த பேன்கள் அனைவரும் சனிக்கிழமையன்று சுருட்டை கடையில் இறக்கிவிடப்பட்டனர். அதிலேயே பெரிய பேன் என்னுடையதுதான். சிரிக்க விரும்புபவர்கள் முதலில் தங்கள் தலையைப் பார்த்துக்கொள்ளவும். நன்றி!"

பிறகு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் சொறிய ஆரம்பித்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தவள் ரயில்தான்.

அன்றைக்கு மறுபடியும் தாளை விரித்தார்கள். தலைக்குத் தலை ஒரு சாண் இடைவெளி விட்டுப் படுத்தார்கள். யாராவது நெருங்கினால், "தள்ளிப் படு, தள்ளிப் படு" என்று மற்றவர்கள் குரல் கொடுத்தார்கள். ரயில் தன் பின்னலைச் சுருட்டிக் கொண்டையாகப் போட்டிருந்தாள்.

மைக் கல்லீரலையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து ரயிலுக்கு எதிரே போய் நின்று, வலக்கையைத் தூக்கினான். "நீயும் உன் வலக்கையைத் தூக்கு."

அவள் தூக்கினாள். இரண்டு கையும் வெவ்வேறு பக்கம் இருந்தன.

"அட, ஆமா! படத்துல இருக்கிறவரும் நம்மளைப் பார்த்துத்தானே நிக்கிறார்!" அவன் குரல் பக்கத்து வகுப்பு வரைக்கும் போனது. பிறகு தன் பெட்டியைத் துழாவி, ரப்பரை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நீயே மாத்திடு. நீ அன்னைக்கே சொன்னே."

ரயில் ரப்பரை வாங்கிக்கொண்டாள். சுருட்டையும் மைக்கும் படத்தின் இரண்டு ஓரத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். அவள் குனிந்து கல்லீரலை அழித்து, அது இருக்க வேண்டிய இடத்தில் அழகாக வரைந்தாள்.